டெய்ம்லர் வண்டியும் தங்கள் தங்கையும்

ஈப்போ,
ஆகஸ்ட் மாதம், 1923.

லூமுட்டில் கருவாட்டு மண்டி வைத்து நாலு பேர் மதிக்க வாழ்ந்துவரும் மரியாதைக்குரிய மச்சான் ஜஹாங்கீர் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஜைனபின் கணவனும் ஜவுளி வியாபாரியுமான நாகூர் மீரான் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு, பொய் எழுதக் கை வரவில்லை. வண்டி நலம். தங்கள் தங்கை மிகவும் நலம். நான்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் ரப்பர் விலை விழுந்ததில் மனம் வெறுத்துச் சீமைக்குக் கப்பல் ஏறியபோது அவருடைய டெய்ம்லர் மோட்டார் வண்டியை நான் வாங்கியது தாங்கள் அறிந்ததே. லண்டன் அரண்மனைக்கு வண்டி செய்து கொடுக்கிற கம்பெனி அது. உள்ளே ஏறினால் தோல் மெத்தையின் வாசனை, வாதுமை மரப் பலகையில் முகம் தெரியும் பளபளப்பு, ஜன்னலுக்குப் பட்டுத் திரை, ஒரு ஓரத்தில் பூ வைக்க வெள்ளிக் குவளை. புறப்பட்டால் புறப்பட்டதே தெரியாது, வெளியே மரங்கள் நகர்வதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடை அடைத்த பிறகும் கொட்டகையில் நிற்கிற வண்டியில் ஏறி, எங்கும் போகாமல், சும்மா உட்கார்ந்துவிட்டு இறங்குவேன். வெற்றிலை போட்டவரை ஏற்றியதில்லை. ஜைனபையே ஒரு முறைதான் ஏற்றினேன், அதுவும் மெத்தைமேல் பழைய வேட்டி விரித்து. அது தப்பு என்று இப்போது வீட்டில் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

அந்த வண்டியில் ஓட்டுகிறவருக்கும் நமக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு உண்டு. அதனால் ஓட்டுகிறவரிடம் பேசுவதற்கென்று ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். நாம் இங்கே வாயை வைத்துப் பேசினால் அவர் காதருகே கேட்கும், அவர் பதில் சொல்ல வழியில்லை. மச்சான், எனக்குப் பதில் சொல்லாமல் கேட்கிற ஒரு ஜீவனை அல்லாஹ் அதுவரை கொடுத்ததில்லை. ஓட்டுநர் பத்துமலை தலையை மட்டும் ஆட்டுவான். எனவே வீட்டு விஷயம், கடை விஷயம், மனத்தில் கிடக்கிற எல்லாவற்றையும் அந்தக் குழாயில் கொட்டுவது வழக்கமாகிவிட்டது.

இப்படியிருக்க, சென்ற புதன்கிழமை தைப்பிங்கில் ஒரு துரையைக் காலையிலேயே பார்த்தாக வேண்டும். அரசாங்கச் சிப்பந்திகளின் உடுப்புக்குத் துணி கொடுக்கிற காரியம். இரண்டு வருஷமாக அலைந்து கிடைத்த பேட்டி, தவறினால் வேறொருவருக்குப் போய்விடும். வெளியே வந்தேன், நல்ல மழை. வண்டி வாசலில் தயாராக நின்றது. பத்துமலை காக்கிக் கோட்டும் தொப்பியுமாக முன்னால் உட்கார்ந்திருந்தான். இறங்கிக் கதவு திறக்கவில்லை. மழையல்லவா என்று நானே ஏறிக்கொண்டேன். ஜைனப் வழியனுப்ப வரவில்லை. அதையும் குழாயில்தான் சொன்னேன்.

சுங்கை சிப்புட் தாண்டுவதற்குள் அவளுடைய மீனாணத்தில் உப்பு தூக்கலாக இருப்பதைச் சொன்னேன். தலை ஆடவில்லை. அவள் தூங்கும்போது விடுகிற குறட்டையைச் சொன்னேன், நானும் கொஞ்சம் செய்து காட்டினேன். வண்டி ஒரு பக்கமாக ஒதுங்கித் திரும்பவும் நேரானது. மாட்டு வண்டிக்கு வழிவிடுகிறான் என்று நினைத்தேன். கோலகங்சாருக்குப் பிறகு, மன்னிக்க வேண்டும், தங்களைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை வந்துவிட்டது. பெருநாளுக்கு வந்தால் பத்து நாள் தங்குகிறீர்கள் என்பது போல. அப்போது வண்டி எடுத்த வேகத்தில் வெள்ளிக் குவளையிலிருந்த தண்ணீர் என் சட்டையில் கொட்டியது. பாடாங் ரெங்காஸ் மலை வளைவுகளில் நான் கலிமா சொல்லிக்கொண்டே போனேன்.

தைப்பிங்கில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வண்டி ஆபீஸ் வாசலில் நின்றது. ஓட்டுநர் குடையோடு வந்து கதவைத் திறந்தார். குடைக் காம்பைப் பிடித்திருந்த கையில் கண்ணாடி வளையல். நான் சென்ற பெருநாளுக்கு வாங்கிக் கொடுத்த வளையல். தொப்பிக்கு அடியில் முக்காடு. முக்காட்டுக்குள் தங்கள் தங்கை.

"எறங்குங்க, நேரமாவுது. உப்பப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்லா" என்றாள்.

எனக்கு உடம்பில் உயிர் இருந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. எப்படி இறங்கினேனோ, எப்படி உள்ளே போனேனோ. துரை என்ன கேட்டாலும் "எஸ் சார்" என்றேன். காரியம் பழமாகிவிட்டதென்று வெளியே வந்த பிறகு குமாஸ்தா சொல்லித்தான் தெரியும். துரை வாசல் வரை வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். மலை வளைவில் அவர் எங்களுக்குப் பின்னால்தான் வந்தாராம். இவ்வளவு பதமாக ஓட்டுகிற ஆள் இந்தச் சீமையிலேயே கிடையாது, இவனை விட்டுவிடாதே என்றார். அதற்கும் "எஸ் சார்" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் நான் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். குழாயைத் தொடவில்லை.

பத்துமலைக்கு முதல் நாளே மலேரியாக் காய்ச்சல் கண்டு பத்து காஜா ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவன் மனைவி ராக்காயி விடியுமுன் வந்து ஜைனபிடம் சொல்லியிருக்கிறாள். தைப்பிங் ரயிலும் போய்விட்டது, என்னிடம் சொன்னால் பயணத்தை நிறுத்திவிடுவேன் என்று இவள் கோட்டை மாட்டிக்கொண்டாளாம். மறுநாள் நான் வாடகை மோட்டாரில், யாரோ ஒருவருடைய கோழிக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பத்துமலையைக் கேட்டேன். வண்டியோட்ட இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று.

"மொதல்ல வேணாம்னுதான் சொன்னேன் மொதலாளி. அம்மா அவுங்களே ஏறி உக்காந்துட்டாங்க. இடிச்சிருவாங்களேன்னு பயந்துதான் சொல்லிக் குடுத்தேன்" என்றான்.

தினமும் மத்தியானம், நான் கடையில் இருக்கும்போது நடந்திருக்கிறது. குழாயில் நான் சொன்னதையாவது வெளியே விடாமல் இருந்தாயா என்று கேட்டேன். சத்தியமாக யாரிடமும் சொன்னதில்லை, ராக்காயியிடம் மட்டும்தான் சொன்னேன் என்றான். மச்சான், அந்த ராக்காயி தினமும் எங்கள் வீட்டு அடுப்படியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆக, வண்டி வாங்கிய நாள் முதல் நான் பேசியதெல்லாம் ஒன்று விடாமல் ஜைனபுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

கடைத்தெருவில் இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் நான் எந்த முகத்தோடு தொழுகைக்குப் போவேன்? ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் அவளைக் கண்டித்துவிட்டுப் போக வேண்டியது. நான் கண்டிக்கலாம் என்று இரண்டு தரம் அடுப்படி வரை போனேன், அவள் திரும்பிப் பார்த்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வண்டியையும் பணக்காரச் சீனத் தவுக்கே ஒருவரிடம் விற்றுவிடுவதென்று தீர்மானித்துவிட்டேன். ஆசையாக வாங்கிய வண்டிதான், ஆனாலும் மானம் பெரிது. தாங்கள் வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம், குழாயில் சொன்னதை மனத்தில் வைக்க வேண்டாம்.

தங்கள் வீட்டம்மா சக்கீனா லாத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். ஆண்டவன் தங்கள் மண்டிக்குப் பரக்கத்தையும் எனக்குப் பொறுமையையும் கொடுக்க துஆச் செய்யவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
நாகூர் மீரான்

பின்குறிப்பு: மேலே கண்டதைத் தபாலில் சேர்க்குமுன் ஒரு காரியம் நடந்துவிட்டது. இன்று மாலை தவுக்கேயிடம் வண்டியைக் காட்டப் போக வேண்டியிருந்தது. ஓட்ட வேறு ஆள் இல்லை. ஜைனப் முன் இருக்கையைத் தட்டி, "இங்க வந்து உக்காருங்க, வேட்டி விரிக்க வேணாம்" என்றாள். உட்கார்ந்தேன். மச்சான், இத்தனை மாதமாக அந்த வண்டியை நான் வைத்திருந்தேனே தவிரப் பார்த்ததே இல்லை. அந்த நீண்ட மூக்கு ரோட்டை அள்ளிக்கொண்டு போகிற அழகு பின்னால் பட்டுத் திரைக்குள் உட்கார்ந்தவனுக்கு எப்படித் தெரியும்? தவுக்கே வீட்டைத் தாண்டி நெடுந்தூரம் போய்விட்டோம், இருவருக்குமே நிறுத்தத் தோன்றவில்லை. ஆகையால் வண்டி விற்பனைக்கு இல்லை. தாங்கள் கண்டிக்கவும் வர வேண்டாம், அடுத்த வெள்ளிக்கிழமை நாங்களே லூமுட்டுக்கு வருகிறோம். இன்னொன்று, வழியில் ஜைனப் சொல்லித்தான் தெரிந்தது. போன மாதம் தாங்கள் குடும்பத்தோடு இங்கே வந்திருந்தபோது, நாம் இருவரும் கடையில் பேசிக்கொண்டிருந்த மத்தியானம், பெண்கள் இருவரும் வண்டியில் சிம்பாங் பூலாய் வரை போய்த் திரும்பினார்களாம். திரும்பும்போது ஓட்டியது சக்கீனா லாத்தா.