அம்புரோஸின் கட்டைவிரல்

அன்று அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள்: வெர்னன், அவர் மனைவி லூடெல், பக்கத்து வீட்டு ராய்ஸ், அம்புரோஸின் விதவை மிஸ் பியூலா, அந்த அம்மாளின் கிழட்டு நாய். மனிதர்கள் நான்கு, நாய் ஒன்று. அம்புரோஸைக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. ஆனால் நாய் அவருடைய காலி நாற்காலியைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. நாய்க்கு எண்ணத் தெரியாது என்று வெர்னன் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஹாட்லி ஏரிக்கரையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் பெண்கள் போவார்கள், கோழி போட்டுச் சுட்ட பதார்த்தத்தோடு. அடுத்து ஆண்கள் போவார்கள், போனவருடைய தூண்டில் கழிகள் என்ன ஆகின்றன என்று பார்க்க. வெர்னன் பதினேழு நாள் பொறுத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய மரியாதை.

கொட்டகை முளையில் மாட்டியிருந்த அம்புரோஸின் கழி ஏழடி ஒரு அங்குலம். நுனியை ஆட்டிப் பார்த்தார். நாக்கு போலத் துடித்து உடனே நின்றது. ரீலைத் திருப்பினார். பிரேக் வட்டம் ஒன்பதில் இருந்தது.

வெர்னன் முகம் சுளித்தார். காரணம் உண்டு. இந்த வகை ரீலில் தூண்டிலை வீசும்போது நரம்பு, அதாவது நைலான் இழை, சுற்றிய உருளை தானாகச் சுழலும். கட்டைவிரல் அதைத் தொட்டும் தொடாமலும் காவல் இருக்க வேண்டும். விரல் அசந்தால் நரம்பு பொங்கிச் சிக்கிக்கொள்ளும். அதற்குக் குருவிக்கூடு என்று பெயர். கை தேறாதவர்கள் பக்கவாட்டில் உள்ள பிரேக்கை ஒன்பதில் வைப்பார்கள். கை தேறத் தேறக் குறைப்பார்கள். அம்புரோஸைப் போன்ற ஆள் ஒன்பதில் வைப்பதாவது.

"எப்பவும் மூணுலதான் வச்சிருந்தார், கண்ணு," என்றாள் மிஸ் பியூலா. "அப்புறம் கை நடுங்க ஆரம்பிச்சுது. கட்டைவிரல் சொன்னபடி கேக்கல. நாலாச்சு, ஆறாச்சு, ஒன்பதுல வந்து நின்னுது. அவரும் நின்னுட்டார்."

மிஸ் பியூலா கொடுத்தனுப்பிய கழி, வெர்னன் வீட்டுப் பின்னறைச் சுவரில் பதினான்காவது முளையில் ஏறியது. ரீலின் நிலவரத்தை வெர்னன் வழக்கம்போல நோட்டில் குறித்தார்: பிரேக் ஒன்பது. லூடெல் வாசற்படியில் நின்று சுவரைப் பார்த்தாள்.

"எத்தனை?"

"எது?"

"ஜன்னலைக் கேக்கல. ஜன்னல் ஒண்ணுதான்னு எனக்கே தெரியும்."

"பதினாலு."

"நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கை எத்தனை?"

வெர்னன் பொறுமையாக விளக்கினார். மீனை ஏமாற்றக் கட்டும் பொய்யிரைகளில், பாசிமேல் தத்தும் ரப்பர் தவளைக்கு விறைப்பான கழி. ஆழத்தில் நீந்தும் மரமீனுக்கு வளைந்து கொடுக்கும் கழி. விறைத்த கழியில் மரமீனைக் கட்டினால் பாஸ் மீனின் வாய் கிழிந்து கொக்கி கழன்றுவிடும். தளர்ந்த கழியில் தவளையைக் கட்டினால் கொக்கி ஏறவே ஏறாது. ஒரே கழியால் எல்லாம் செய்யலாம் என்பவன் மீனவனே அல்ல.

"ஒரே செருப்பைப் போட்டுக்கிட்டு சர்ச்சுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் போவியா?" என்று முடித்தார்.

"நீ போற," என்றாள் லூடெல்.

அந்த இடத்தில்தான் வெர்னன் தம் வாழ்நாளின் பெரிய முடிவை எடுத்தார். இந்த எண்ணிக்கைப் பேச்சுக்கு ஒரே அடியாக முற்றுப்புள்ளி வைத்துவிடுவது. மே மாதம் சர்ச் நடத்தும் தம்பதிகள் மீன்பிடிப் போட்டி. ஆளுக்கு ஒரு கழி. இருவரில் யாருடைய மீன் தராசில் கனமாக நிற்கிறதோ, அந்தச் சுவரில் உள்ள கழிகளை என்ன செய்வது என்று அவர் முடிவு செய்யலாம். மற்றவர் வாய் திறக்கக் கூடாது. லூடெல் முப்பத்தொரு வருடமாகப் படகின் பின்னிருக்கையில் உட்கார்ந்து, சிறுவர்கள் பிடிக்கும் பொத்தான் ரீலால் பொழுது போக்கியவள். பந்தயம் அவருக்கு லட்டு மாதிரி தெரிந்தது.

"சரி," என்றாள் அவள். "எனக்கான கழியை நீயே பாத்துக் கட்டிக் குடு. எனக்கு என்ன தெரியும்."

'எனக்கு என்ன தெரியும்' என்று லூடெல் சொன்னது கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை. வெர்னன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் முதல் லூடெல் தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை மிஸ் பியூலாவுக்குத் துணையாக இருந்துவிட்டு வந்தாள். அந்த நேரத்தில் வெர்னன் தூண்டில் கடையில் காபி குடித்துக்கொண்டிருப்பார். வீடு காலி.

வியாழக்கிழமை மதியம் பின்னறைக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பதினான்காவது முளைக்குக் கீழே பலகையில் தண்ணீர்ச் சொட்டுகள். எண்ணினார். ஏழு. கூரையைப் பார்த்தார், ஒழுகவில்லை. மழையும் இல்லை. நரம்பைத் தொட்டார். ஈரம். நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு ரீலைப் பார்த்தார். பிரேக் எட்டில் இருந்தது.

திங்கட்கிழமை ஏழு. கழியின் மூன்றாவது வளையத்தில் பச்சைப்பாசி ஒரு இழை சுற்றியிருந்தது. அறையில் ஏரி நாற்றம். மற்றப் பதின்மூன்று கழிகளும் எலும்பு மாதிரி உலர்ந்து கிடந்தன.

வெர்னன் பேய்க்குப் பயப்படுகிறவர் அல்ல. பேய் இல்லை என்பதில் அவருக்கு உறுதி உண்டு. ஆனால் எண்களை நம்புகிறவர். ஒன்பது, எட்டு, ஏழு. அன்று அறைக்குப் பூட்டுப் போட்டார். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை பூட்டு போட்டபடியே இருந்தது. திறந்து பார்த்தார். ஐந்து.

ராய்ஸிடம் போய்ச் சொன்னார். ராய்ஸ் வெகு நேரம் தாடையைச் சொறிந்தார். உயிரோடு இருந்தபோது அம்புரோஸுக்கு நடுக்கம் கூடியது, பிரேக் ஏறியது. இப்போது பிரேக் இறங்குகிறது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

"என்ன அர்த்தம்?"

"நடுக்கம் குறையுதுப்பா. அவருக்கு அங்க நல்லா இருக்கு போல. தினம் மீன் பிடிக்கறார்."

"என் வீட்லயா?"

"கழி உன் வீட்லதானே இருக்கு."

திருப்பி ஒன்பதில் வைத்துவிடலாமா என்று வெர்னன் கேட்டார். அது குணமாகி வருகிறவரைப் படுக்கையில் தள்ளுவது போல ஆகும், அவருக்குக் கோபம் வரலாம் என்றார் ராய்ஸ். அதன் பிறகு வெர்னன் அந்த ரீலைத் தொடவில்லை. வாசலில் நின்று மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பார். நான்கு. அடுத்த வாரம் மூன்று. போட்டிக்கு முந்தின நாள் இரண்டு.

லூடெலிடம் சொல்லவில்லை. சொன்னால் கழியைத் தலைமுழுகச் சொல்வாள், கூடவே மற்றதையும். ஆனால் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அந்தக் கழியையே அவள் கையில் கொடுத்துவிடுவது. பிரேக் இரண்டில் இருக்கிற ரீலைப் பொத்தான் ரீல்காரி வீசினால் முதல் வீச்சிலேயே குருவிக்கூடு. பந்தயமும் தீர்ந்தது, அம்புரோஸும் தம் கையை விட்டுப் போனார். தம் புத்தியை நினைத்து அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

போட்டியன்று காலை இருபத்திரண்டு படகுகள். ஏரிமேல் மூடுபனி பால் மாதிரி நின்றது. அந்தத் தண்ணீருக்கு அடியில் பழைய ஹாட்லி ஊர் இருக்கிறது. அணை கட்டியபோது மூழ்கியது. தெரு, அஞ்சலகம், சர்ச், எல்லாம் இருந்தபடியே கீழே இருக்கின்றன. வெர்னன் தமக்கு ஏழடி மூன்றங்குலக் கழியை எடுத்திருந்தார். நரம்பு புதுசு, உருளையின் விளிம்புக்கு நூலிழை கீழே வரை நிரப்பியது. ஈயத்தலைக் கொக்கியைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும்போது உருளை நிற்கும்படி திருகியிருந்தார். லூடெலுக்கு அம்புரோஸின் கழியில் ஒரு ரப்பர் புழுவைக் கட்டி நீட்டினார். உள்ளங்கை படாமல், இரண்டு விரலால்.

முன்தளத்தில் நின்று மிதிமோட்டாரை அழுத்தினார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"சர்ச்சுக்குப் போ."

"எந்தச் சர்ச்சு?"

"கீழ இருக்கே, அது. படிக்கட்டுக்கு இடப்பக்கம்."

 மூழ்கிய சர்ச் பக்கம் அம்புரோஸுக்கு ஒரு ரகசிய இடம் உண்டு என்பது ஊருக்கே தெரியும். எங்கே என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. வெர்னன் பன்னிரண்டு வருடம் தேடியிருக்கிறார்.

லூடெல் கைகாட்டிய இடத்தில் படகு நின்றது. பனியில் கரை தெரியவில்லை. அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். லூடெல் கட்டைவிரலை நாக்கில் தொட்டாள். உருளையில் மூன்று தட்டுத் தட்டினாள். அம்புரோஸ் அப்படித்தான் தட்டுவார். ஊரில் எல்லோரும் பார்த்ததுண்டு. பிறகு மணிக்கட்டை மட்டும் அசைத்தாள். புழு பனிக்குள் போனது. விழுந்த சத்தமே இல்லை. குருவிக்கூடும் இல்லை.

"லூடெல்?"

"ம்."

"நீ... லூடெல்தானே?"

"சத்தம் போடாதே. மீன் இருக்கு."

அவர் தம் கழியை வீசினார். கட்டைவிரல் வெடவெடவென்று ஆடியது. ரீல் உறுமியது. முன்னூறு அடி நரம்பும் பொங்கி எழுந்து முகத்துக்கு நேரே நின்றது. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு குருவிக்கூட்டைப் பார்த்ததில்லை. கழுகே குடியிருக்கலாம்.

"அம்புரோஸ்," என்றார் அடித்தொண்டையில், "என் மேல உங்களுக்குக் கோபம் ஒண்ணும் இல்லையே?"

 பனிக்குள் எங்கோ ஒரு நாரை கத்தியது.

"கோபம் இல்ல," என்றது குரல், தாழ்ந்து. "முன்னாடி உக்காரணும்."

முப்பத்தொரு வருடத்தில் யாருக்கும் விட்டுத்தராத முன்தளத்தை வெர்னன் தவழ்ந்து வந்து விட்டுக்கொடுத்தார். பின்னிருக்கையில் உட்கார்ந்து நரம்பைப் பிரிக்கப் பார்த்தார். முன்னால் நின்றவளின் ஐந்தாவது வீச்சில் கழி வில்லாக வளைந்தது. வலையை எடு என்றாள். எடுத்தார். கை கூப்பாததுதான் குறை.

எட்டு பவுண்டு மூன்று அவுன்ஸ். பாதிரியார் தராசைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார். வெர்னன் பெயருக்கு நேரே பூஜ்ஜியம். மீனை ஏரியில் விட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

வண்டியில் நான்கு மைல் திரும்பி வந்தாகிவிட்டது. வெர்னன் கேட்டார்.

"அவர் போயிட்டாரா?"

"யாரு?"

"அம்புரோஸ்."

லூடெல் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு முடிய இன்னும் இரண்டு மைல் ஆனது. பிறகு வரிசையாகச் சொன்னாள். மிஸ் பியூலா வீட்டுக் குளம், பத்திலிருந்து பன்னிரண்டு வரை, இருபத்தைந்து நாள். கை வர வரப் பிரேக்கைக் குறைத்தாள். சர்ச் படிக்கட்டும் நாக்கைத் தொடுவதும் மிஸ் பியூலா சொன்னவை. நாற்பத்தாறு வருடம் கூட இருந்த பெண்சாதிக்குத் தெரியாதா.

"பூட்டு?"

"பூட்டு நல்ல பூட்டு. கீல்ல ரெண்டு ஆணியை உருவினா கதவு அந்தப் பக்கமாத் திறக்குது."

"எதுக்கு இதெல்லாம்? ரூமா வேணும் உனக்கு?"

"ரூமை யார் கேட்டா? முன்னாடி நிக்கறவனுக்கு மீன். பின்னாடி உக்காந்தவளுக்கு உன் முதுகு. முப்பத்தொரு வருஷம் பாத்தாச்சு, வெர்னன். அதுல ஒரு மாற்றமும் இல்ல."

 வெர்னன் தோல்வியை ஒப்புக்கொள்கிற குரலில், இருபத்தைந்தே நாளில் ஒன்பதிலிருந்து இரண்டுக்கு வந்தது பெரிய விஷயம்தான் என்றார்.

"மூணு," என்றாள் லூடெல்.

"ரெண்டு. நேத்து நான் பாத்தேன். நோட்ல இருக்கு."

"நான் மூணுக்குக் கீழ குறைச்சதே இல்லையே. அதுக்குக் கீழ எனக்குப் பயம். நேத்து நான் கழியைத் தொடவும் இல்ல."

இருவரும் ஒரே நேரத்தில் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார்கள். வண்டியின் பின்தட்டில் கழி அசையாமல் கிடந்தது. ரீலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெர்னன் வண்டியைத் திருப்பினார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. மிஸ் பியூலாவின் கொட்டகையில், அதே முளையில் கழியைத் திருப்பி மாட்டிவிட்டு வந்தார்கள். அன்று முழுக்க இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

சுவரில் பதின்மூன்று. சாப்பாட்டுக்குப் பிறகு லூடெல் பின்னறைக்கு வந்தாள். ஒன்றையும் வெளியே அனுப்பப் போவதில்லை என்றாள். வெர்னனுக்குப் போன உயிர் வந்தது. முதல் கழியைத் தொட்டு, இது எதற்கு என்று கேட்டாள். தவளைக்கு, அது இல்லாமல் ஜூன் மாதத்தில் ஏரிக்கே போகக்கூடாது என்று ஆரம்பித்து அவர் ஐந்து நிமிடம் பேசினார்.

"அப்ப இது எனக்கு வேணும்," என்று தன் பக்கம் சாய்த்துவைத்தாள்.

இரண்டாவது எதற்கு என்றாள். அதற்கும் சொன்னார். ஒரு கழியைப் பற்றிக் கேட்டால் அவரால் வாயை மூட முடியாது, பொய்யும் வராது. அதுவும் அவளுக்கு வேண்டியிருந்தது. பதினோராவது கழியும் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பன்னிரண்டாவதைத் தொட்டதும் முந்திக்கொண்டார்.

"அது ஒண்ணுத்துக்கும் ஆகாது."

"அப்ப அதை நீ வச்சுக்கோ," என்றாள் லூடெல்.

பதின்மூன்றாவதை அவள் தொடவில்லை. காலையில் அவர் வீசிய கழி அது. வெர்னனுக்கு மிச்சம், குருவிக்கூடு அவிழாத அந்த ஒன்றையும் சேர்த்து, இரண்டு.