கறுப்பு ஜன்னலை மூடாதே

அன்புத் தம்பி வெண்டலுக்கு,

அண்ணன் எவரெட் வாயால் சொல்ல, பக்கத்து வீட்டுத் தெல்மா கையால் எழுதுவது. இங்கே நானும் என் மகள் கோரினும் பூனையும் நலம். என் இடது முழங்கால் நலமில்லை. அதைப் பற்றி ஆரம்பித்தால் பேனாவை வைத்துவிட்டுப் போய்விடுவேன் என்கிறாள் தெல்மா, ஆகவே விட்டுவிடுகிறேன். நீயும் உன் வீட்டாரும் ஆல்பர்ட்டாக் குளிரில் மூக்கு, காது ஏதும் குறையாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவன் போனில் பேசாமல் ஏன் கடிதம் போடுகிறான் என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டதே இல்லை.

விஷயம் இதுதான். கோரினுக்காக நீ ஒழித்து வைத்திருக்கும் பின்னறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. அவள் அங்கே வரப்போவதில்லை.

மீன் ஆலை அலுவலகத்தை மூடியதும் அவளுக்கு வேலை போனது உனக்குத் தெரியும். என் பையன்கள் இரண்டு பேரும் வேலை தேடி மேற்கே போய்விட்ட பிறகு வீட்டில் மிச்சம் இருப்பவள் அவள் ஒருத்திதான். அவளும் கிளம்பிவிட்டால் நான் பூனையோடு அரசியல் பேச வேண்டியதுதான். ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒரு கணினி மொழியைப் படித்துவிட்டு நம் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஓர் இணையப் பக்கம் கட்ட ஆரம்பித்தாள். படகு கடலில் இருக்கும்போதே எத்தனை சிங்கி இறால் பிடிபட்டது என்று அதில் தெரியும், ஹாலிஃபாக்ஸ் பட்டணத்து ஓட்டல்காரன் அங்கிருந்தே கேட்டு வைத்துக்கொள்ளலாம். சங்கம் அதை ஏற்றுக்கொண்டால் அதை நடத்தும் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் பனி உருகியதும் உன் பின்னறை. அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள், நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அதற்கு முதலில் ஒரு சர்வர் வேண்டுமாம். பெரிய பெட்டி ஏதோ லாரியில் வரும் என்று நான் சமையலறையில் இடம் ஒதுக்கி, அடுப்பு விறகை எல்லாம் வெளியே அடுக்கிவிட்டுக் காத்திருந்தால், அவள் லேப்டாப்பைத் திறந்து, திரையில் கறுப்பாக ஒரு ஜன்னல் வரவழைத்து, அதில் ஏதோ தட்டினாள். உடனே இணையத்திலிருந்து சாமான் இறங்க ஆரம்பித்தது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. நம் ஊர் இணையம் தெரியும் அல்லவா, காற்றடித்தால் போச்சு. நான் இறால் கூண்டுக் கயிறு முழுவதையும் முடிந்து முடித்தேன், அது முடியவில்லை. "ஒரு பக்கம் காட்டவா இவ்வளவு சாமான்?" என்று கேட்டேன். "சீசன் முதல் நாள் படகு முங்குற அளவுக்குக் கூண்டு ஏத்துறீங்களே, அப்போ நான் ஏதாவது கேட்டேனா?" என்றாள். நியாயம்தான். கடைசியில் பக்கம் வந்தது, அதில் நம் படகின் பெயரும் வந்தது. அவள் ஒரு வரியை மாற்றினால் பக்கம் தானே மாறுகிறது, யாரும் தொட வேண்டாம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த நிறைவோடுதான் மறுநாள் காலை படகுத்துறைக் கேன்டீனுக்குப் போனேன். சங்கத் தலைவர் லாய்டும் நிர்வாகக் குழு உறுப்பினர் கார்டனும் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். என் நினைவு உனக்குத் தெரியும். கரையில் எந்தச் சர்ச் கோபுரமும் எந்தப் பாறையும் ஒரே கோட்டில் வந்தால் கீழே கூண்டு கிடக்கும் என்பதை நான் எழுதியா வைத்தேன்? கோரின் வாயால் சொன்ன முகவரியும் அப்படியே நினைவில் இருந்தது. "லோக்கல்ஹோஸ்ட் மூவாயிரம், தட்டிப் பாருங்கய்யா" என்றேன். கேன்டீன் முழுக்கப் போனை எடுத்தது. யாருக்கும் எதுவும் வரவில்லை.

"யோவ் எவரெட், உன் பொண்ணு கட்டின கடைக்குக் கதவே வைக்கலையா?" என்றான் கார்டன். லாய்ட் சிரிக்கக்கூட இல்லை. "இத நம்பியா நான் மத்தவங்ககிட்ட ஓட்டு கேக்கறது?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். அவர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டில் சொன்னேன். கோரின் நெற்றியை மேஜைமேல் வைத்துவிட்டாள். "அப்பா, லோக்கல்ஹோஸ்ட்னா இந்த மெஷின் தன்னையே கூப்பிட்டுக்கறது. கார்டன் தட்டினா அவரோட போன் அவரோட போனைத்தான் கேக்கும். அதுல என்ன இருக்கும்?"

"சீட்டாட்டம்தான் இருக்கும்."

"அதான். கடை ஓடறது இதுக்குள்ள மட்டும்தான். இப்போதைக்கு வெளிய யாருக்கும் தெரியாது."

தம்பி, அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. கடை அந்தப் பெட்டிக்குள் ஓடுகிறது. பெட்டி என் சமையலறை மேஜைமேல் இருக்கிறது. அதை நடத்துகிறவளும் மேஜைக்குப் பக்கத்தில்தானே இருக்க வேண்டும்? ஜாவாஸ்கிரிப்டில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

ஆகவே லாய்டையும் கார்டனையும் வீட்டுக்கே அழைத்தேன், நேரில் பார்க்கட்டும் என்று. அன்று கோரினுக்குப் பல் வைத்தியரிடம் போக வேண்டியிருந்தது. "அவங்க வர்றதுக்குள்ள வந்துடுவேன். எல்லாம் ஓடிட்டு இருக்கு. எதையும் தொடாதீங்க, முக்கியமா அந்தக் கறுப்பு ஜன்னலை மூடாதீங்க, மூடினா சர்வர் நின்னுடும்" என்றாள். நான் தொடவில்லை, கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர்களோ நான் வைத்த மீன் சூப் மணம் பிடித்து முன்னதாகவே வந்துவிட்டார்கள். பக்கத்தைக் காட்டினேன். லாய்ட் தன் படகைக் கண்டுபிடித்து முகம் மலர்ந்தார். வேலை முடிந்தது என்று நினைத்து, சூப் குடிக்க எழுந்தார். எழும்போது என்ன செய்தார் தெரியுமா? படகிலிருந்து கடைசியாக இறங்குகிறவன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறங்க வேண்டும் என்று நம் அப்பா நமக்கு அடித்துச் சொன்னதை அவருடைய அப்பாவும் அடித்தே சொல்லியிருக்கிறார். "இது என்ன, சும்மா ஓடிட்டிருக்கு?" என்று கறுப்பு ஜன்னலை மூடிவிட்டார். கார்டன் அடுத்த படகைத் தட்டினான். கடை போய்விட்டது.

மூவரும் அப்படியே நின்றோம். ஒரு சங்கத் தலைவர் முகம் அவ்வளவு வெளுத்து நான் பார்த்ததில்லை. "நான் மூழ்கடிச்சிட்டேனா?" என்றார். "நகருங்க" என்றேன். கோரின் தினமும் காலையில் எந்தப் பொத்தானை எந்த வரிசையில் தட்டுவாள் என்று எனக்கு மனப்பாடம். எழுத்து தெரியாவிட்டால் என்ன, இடம் தெரியுமே. ஜன்னலை வரவழைத்துத் தட்டினேன். சிவப்பு எழுத்தாகக் கொட்டியது. "அப்படி ஒண்ணும் இங்க இல்லையாம்" என்று லாய்ட் படித்துச் சொன்னார். மறுபடி தட்டினேன். மறுபடி இல்லையாம். பல் வைத்தியர் நாற்காலியில் இருந்த கோரினுக்குப் போன் போட்டோம்.

"அப்பா, எந்த ஃபோல்டர்ல நிக்கிறீங்க?" பாதி வாய் மரத்துப்போன குரல்.

"சமையலறையில நிக்கிறேம்மா."

"இல்லப்பா, அந்த ஃபோல்டருக்கு உள்ள போய்த்தான் கூப்பிடணும். வாசல்ல நின்னு கத்தினா அதுக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே போகும் வழியை அவள் வாய் குழறச் சொன்னாள், லாய்ட் எழுத்துகளைத் தேடினார், நான் தட்டினேன், கார்டன் எங்கள் இருவரையும் திட்டினான். பக்கம் வந்துவிட்டது! லாய்ட் என்னைக் கட்டிக்கொண்டார். கோரின் வீங்கிய கன்னத்தோடு வீடு வந்தபோது மூவரும் அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து யார் படகு முதலில் வர வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். தன் கையாலேயே மூடி, தானே எழுத்துத் தேடித் திறந்ததை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தலைவருக்கு மனம் வரும்? சங்கம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. வேலை அவளுக்கே.

ஆகவே பின்னறை வேண்டாம். நீ காட்டிய அன்புக்கு நன்றி. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். கடல் உங்களை மறக்காமல் இருக்கட்டும், நீங்களும் கடலை.

உன் அண்ணன்,
எவரெட்

பி.கு.: தெல்மா உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கோரின் வந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள். பிறகு லேப்டாப்பை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக் காட்டினாள். பெட்டி எங்கே போனாலும் கடையும் கூடவே போகுமாம், லாய்டும் சம்மதித்துவிட்டாராம், உன் ஊர் இணையம் காற்றுக்கு அறுவதில்லையாம். சீசன் முதல் நாளைக்கு இங்கே திரும்பி வந்துவிடுவாளாம். ஆகவே பின்னறையை யாருக்கும் கொடுத்துவிடாதே. ஜன்னலோரமாக நல்ல மேஜையாகப் போடு. உனக்கும் நம் அப்பாவின் பழக்கம்தான், எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டே வீட்டைச் சுற்றுவாய். அந்தக் கறுப்பு ஜன்னலை மட்டும் மூடிவிடாதே.