மூன்றாவது படத்தைப் போட வேண்டாம்

பயணப் பக்க ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஹாலிஎலவிலிருந்து ஜனுஷன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு மழை. எல்லோரும் நலம். எல்லோரும் என்பதில் என் மாமா வைரவநாதனும் அடக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மெக்சிக்கோவின் பாட்ஸ்குவாரோ என்ற பழைய நகரத்தில் என்ன சாப்பிடலாம், என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம் என்று கட்டுரை கேட்டிருந்தீர்கள். நேற்று அனுப்பினேன். கூடவே நான்கு படங்கள். மூன்றாவதைப் போட வேண்டாம். நான்காவதை அழித்தே விடுங்கள். ஒரு கல்யாணம் அதில் தொங்குகிறது. என்னுடையது.

நான் அந்த நகரத்துக்குப் போனதில்லை. ஊவா மாகாணத்தைத் தாண்டியதே பல்கலைக்கழகத்துக்குத்தான். ஆனால் அந்த ஊர்க்காரி ஒருவர் இங்கே பக்கத்து ஊரான எல்லவுக்குச் சுற்றுலா வந்திருந்தார். பெயர் மரிசோல். வீட்டுக்கு அழைத்தேன். அம்மாவின் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னார்.

சாப்பிட: கொருந்தா. சோள மாவைச் சோளத்தின் இலையில் மடித்து அவிப்பது.

"கொழுக்கட்டைதானே," என்றார் அம்மா.

பார்க்க: பதினொரு முற்றத்து வீடு. இப்போது ஐந்துதான் மிச்சம்.

"மத்த ஆறையும் எவன் அடைச்சிக்கிட்டான்?"

செய்ய: நவம்பரில் செத்தவர்களுக்குப் படையல். படம், விளக்கு, மஞ்சள் செவ்வந்தி, அவரவருக்குப் பிடித்த சாப்பாடு. அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "அட, இவங்க நம்ம ஆளுங்கடா."

அன்றுதான் அவர்கள் ஊரில் அந்த நாள். இங்கேயே வைத்துவிடலாம் என்று முடிவானது. மரிசோல் தன் அப்பாவின் படத்தை வைத்தார், அம்மா தாத்தாவின் படத்தை இறக்கிக் கொடுத்துவிட்டு மாவு பிசையப் போனார், நான் பூ வாங்கப் போனேன், படையல் வெறிச்சென்று இருப்பதாக நினைத்த மரிசோல் சுவரில் மாலையோடு தெரிந்த இன்னொரு படத்தையும் இறக்கி வைத்து விளக்கையும் ஏற்றிவிட்டார், அது கோயில் சபைத் தலைவராகத் தெரிவான அன்று மாலையும் கழுத்துமாக மாமா எடுத்துக்கொண்ட படம், நான் திரும்பி வந்து பதறிப்போய் அதை எடுக்கக் கை நீட்ட, அம்மா என் கையைத் தட்டிவிட்டு, "வெளக்கு ஏத்தியாச்சு. கற்பூரம் காட்டுற வரைக்கும் படத்த அசைக்கக் கூடாது" என்றார், தன் அண்ணன் உயிரோடு இருப்பது அவருக்கு ஒரு தடையாகத் தெரியவில்லை, அதற்குள் மரிசோல் "இவருக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்க, நான் மொழிபெயர்க்க, கூடப்பிறந்தவர் பொய் சொல்லவில்லை: பன்றிக் கறி வறுவல், இரண்டு கிளாஸ் சாராயம். நான் மறுபடியும் கடைக்குப் போனேன்.

மாமா பதுளையில் கடை வைத்திருக்கிறார். உங்கள் பத்திரிகையும் அங்கே விற்கிறது. சபைத் தலைவரானதிலிருந்து சுத்த சைவம். அவருடைய மகள் கிருஷாந்தி. தை பிறந்ததும் எங்கள் இருவரைப் பற்றிப் பேசலாம் என்றிருந்தார்.

கற்பூரம் அணையும் நேரம் மாமா உள்ளே வந்தார்.

தன் படத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். வறுவலைப் பார்த்தார். வறுவலைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"ஏ புஷ்பம், என்னா இது?" என்று அம்மாவைக் கேட்டார்.

"வந்தவங்க தெரியாம வச்சிட்டாங்கண்ணே. ஆயுசு கூடும்னு நெனச்சிக்கங்க."

"எனக்கு வச்சதுதானே?"

"ஆமாண்ணே."

உட்கார்ந்தார். சாப்பிட்டார். தாத்தாவின் பங்கையும்.

மரிசோல் அழுதுவிட்டார். இத்தனை வருடமாகப் படையல் வைக்கிறாராம், ஒருவரும் இப்படி நேரில் வந்ததில்லையாம். விளக்கிச் சொன்னேன். நம்பவில்லை.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "மாப்ள, யாரும் படம் கிடம் எடுக்கலியே?"

"இல்லைங்க மாமா."

"எங்கயாச்சும் வந்துச்சு, கிருஷாந்திய மறந்துரு."

மூன்றாவது படம், படையல். நான்காவது, மாமா சாப்பிடுவது. மரிசோல் எடுத்து அனுப்பியதை நான் திறந்தே பார்க்காமல் உங்களுக்குத் தள்ளிவிட்டேன். தயவு செய்யுங்கள்.

தங்கள் பக்கமும் குடும்பமும் தழைக்கட்டும். அம்மா கொழுக்கட்டை கொடுத்துவிடச் சொன்னார். மின்னஞ்சலில் போகாது. அன்பை மட்டும் அனுப்புகிறேன்.

பணிவுடன்,
ஜனுஷன்

பி.கு.: மேலே உள்ளதை மறந்துவிடுங்கள். மூன்றாவது படத்தை மரிசோல் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார். பசறையில் இருக்கும் சொந்தங்கள் வேன் பிடித்து அழுதுகொண்டே வந்து இறங்கிவிட்டார்கள். கோயில் சபை அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றி, அதே கூட்டத்தில் புதுத் தலைவரையும் தெரிவு செய்துவிட்டது. மாமா நேரிலேயே போய் நின்றிருக்கிறார். எழுதிய தீர்மானத்தை மாற்ற ஆதாரம் வேண்டும் என்றார்களாம். இப்போதுதான் போன் எடுத்தார். "நான் திங்கிற படம் ஒன்னு இருக்காமே. மொதப் பக்கத்துல போடச் சொல்லு. செத்தவன் கறி திங்க மாட்டான்னு சபைக்குத் தெரியட்டும்." சைவத்தை நினைவூட்டினேன். "அத அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்றார்.

நான்காவது படம் வராவிட்டால் கிருஷாந்தி இல்லையாம்.