மஞ்சள் பாட்டிலும் ஒரு பழுப்புப் பாம்பும்

பாட்டிலைப் பார்த்ததும் வேதியியல் ஆசிரியர் வாரிக் டன்ஸ்டன் செய்த முதல் காரியம், மூச்சை அடக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கியது. இரண்டாவது காரியம், பார்க்காத மாதிரியே இருந்துவிடலாமா என்று யோசித்தது.

புல்லாகுர்ரா உயர்நிலைப் பள்ளியின் ரசாயன ஸ்டோர் ரூமில், கடைசி அலமாரியின் மேல் தட்டில், யாரும் கேட்டு வராத உப்பு டப்பாக்களுக்குப் பின்னால் அது உட்கார்ந்திருந்தது. லேபிளில் பாதி உதிர்ந்துபோயிருந்தாலும் 'பிக்ரிக் அமிலம்' என்று படிக்க முடிந்தது. மூடியைச் சுற்றி மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது. உள்ளே பேருக்குக்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை பரம சாது. காய்ந்துவிட்டால் அதன் குணமே வேறு. ஒரு காலத்தில் பீரங்கிக் குண்டுக்குள் அடைத்த சரக்கு அது. தட்டினாலும் வெடிக்கும், உரசினாலும் வெடிக்கும். மூடியின் மரையில் படிகம் ஏறியிருந்தால், திறந்துதான் பார்ப்போமே என்று திருகுகிறவனுக்குக் கை மிஞ்சாது. தொடாதே, நகர்த்தாதே, ஆட்களை வெளியேற்று, போலீசுக்குப் போன் செய். இந்த நாலையும் வருஷா வருஷம் பிள்ளைகளை நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்கிறவர் வாரிக்தான்.

முதல் இரண்டையும் அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். மூன்றாவதிலும் நாலாவதிலும்தான் சிக்கல்.

அன்றைக்குப் பார்த்து ஆய்வுக்கூடத்தைச் சோதிக்கக் கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் எடுத்தவர்கள் ஆறே பேர். ஆறு பேருக்காக ஒரு கூடமா என்று துறை நெடுநாளாக மூக்கால் அழுதுகொண்டிருந்தது. மூடுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். மூடிவிட்டால் பிள்ளைகள் ஆற்றோரத்துப் பெரிய ஊருக்கு பஸ்ஸில் போய்வர வேண்டும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். பாதிப் பேர் பாடத்தையே கைகழுவிவிட்டு அப்பாவின் கோதுமை வயலில் டிராக்டர் ஏறிவிடுவார்கள். இதே பள்ளியில், இதே மேஜைகளில் படித்து ஆளானவர் வாரிக்.

நாளைக்குப் போன் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தார். இத்தனை வருஷம் வெடிக்காதது இன்னும் ஒரு நாள் பொறுக்காதா? கதவைப் பூட்டினார். பூட்டிய கதவைப் பார்த்தால் அதிகாரிகளுக்குத் திறக்கச் சொல்லத் தோன்றும் என்பதால், 'பெயிண்ட் காயவில்லை, தொடாதீர்கள்' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினார்.

அங்கேதான் தப்பு செய்தார். அந்தப் பள்ளியில் பெயிண்ட் அடிக்கிற உரிமை ஒரே ஆளுக்குத்தான் உண்டு. பராமரிப்பு வேலை பார்க்கும் மெர்வ், தாளைப் படித்துவிட்டு முகம் சிவந்து வந்து நின்றார்.

"எனக்குத் தெரியாம யாரு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான் மெர்வ். சும்மா, மேலால ஒரு கை."

மெர்வ் கதவைத் தடவிப் பார்த்தார். விரலை மோந்து பார்த்தார். "இது நான் அடிச்சது. காஞ்சு எத்தனையோ வருஷமாச்சு" என்றார். அப்படியானால் உள்ளே எதையோ அடித்துக் கெடுத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். மெர்விடம் இல்லாத சாவி அந்தக் கட்டடத்தில் கிடையாது.

"திறக்காதப்பா. உள்ள பாம்பு" என்றார் வாரிக்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் அங்கே கோடை தொடங்குகிற நவம்பர் மாதத்தில் புல்லாகுர்ராவில் பாம்பு என்று சொன்னால் யாரும் சாட்சி கேட்பதில்லை. என்ன நிறம் என்று மட்டும் மெர்வ் கேட்டார். பழுப்பு என்றார் வாரிக்; அந்த வட்டாரத்தில் அதைவிடக் கொடிய விஷப்பாம்பு கிடையாது. அதற்கு மேல் மெர்வுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. சாவி மறுபடி இடுப்புக்குப் போனது, மெர்வ் வந்த வழியே போனார்.

பொய் நன்றாகவே பலித்தது, கொஞ்சம் அதிகமாகவே. கால் மணி நேரத்துக்குள் அலுவலக நோலீனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. அறிவியல் பக்கம் ஒருவரும் தலைகாட்டக்கூடாது, எல்லாப் பிள்ளைகளும் மறுகோடியில் இருக்கும் நூலகத்துக்கு வரவேண்டும். கட்டடம் காலியானது. மூன்றாவது விதி தானாகவே நிறைவேறிவிட்டதில் வாரிக்குக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. போகிற போக்கில் நோலீன் எட்டிப் பார்த்து, பாம்பு பிடிக்கிற ஆளுக்கும் சொல்லிவிட்டதாகச் சொன்னபோது அந்த உயிர் மறுபடி போனது.

"வேண்டாம்னு சொல்லிடு நோலீன். அதுவே போயிடும்."

"பெரிய ஊர்லேந்து கிளம்பியாச்சாம். உனக்கென்ன, பாம்பு மேல பாசமா?" என்று கேட்டுவிட்டு நோலீன் பிள்ளைகளை மேய்க்கப் போய்விட்டார்.

முதலில் வந்தது ஒரு பெண்மணி. இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, பளபளக்கும் காலணி. அதிகாரி என்று நெற்றியில் எழுதி ஒட்டவேண்டிய அவசியமே இல்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே வாரிக் கையைப் பிடித்துக் குலுக்கி, வெயிலைப் பற்றிப் பேசியபடியே ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். தேநீர் போட்டார். பிறந்தநாள் ஒன்றுக்காக நோலீன் செய்து வைத்திருந்த, தேங்காய்த்தூள் புரட்டிய சாக்லேட் கேக் துண்டுகளைத் தட்டோடு முன்னால் நகர்த்தினார். அந்தம்மாள் நிதானமாக ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த ஸ்டோருக்கு வேற வாசல் இருக்கா? கதவுக்கு அடியில எவ்வளவு இடைவெளி இருக்கும்?"

வந்து உட்காரவில்லை, அதற்குள் குறி ஸ்டோர் மேல்தான். ஒரே வாசல், இடைவெளி கிடையாது, ஆனால் இப்போது போக முடியாது, முதலில் சாப்பிடுங்கள் என்று வாரிக் உளறினார். அந்தம்மாள் அவரை இரக்கத்தோடு பார்த்து, பயப்படாதீர்கள், எனக்கு அவசரமில்லை என்றார். அந்த இரக்கம்தான் வாரிக்கை இன்னும் பயமுறுத்தியது.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பின்பக்கம் திறந்த, புழுதி அப்பிய வண்டி. அரைக்கால் சட்டையும் கனத்த பூட்ஸுமாக ஓர் ஆள் இறங்கினார். பின்னாலிருந்து தடித்த கையுறை, டார்ச் லைட், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒவ்வொன்றாக எடுத்தார்.

"கால்வின்" என்றார் அவர். "ஸ்டோர் எங்க?"

வாரிக் ஓடிப்போய் அவரைச் சுவரோரத்து நிழலுக்கு இழுத்தார். இல்லாத பாம்பைத் தேடி இந்த மனிதர் அலமாரிக்குள் குச்சியை விட்டுத் துழாவினால் அந்தப் பாட்டில் என்ன ஆகும்? துறையிடம் பொய் சொல்வது ஒன்று. ஓர் ஆளைக் கொல்வது வேறு. அதை அவரால் செய்ய முடியாது.

"உள்ள பாம்பெல்லாம் கிடையாது. பிக்ரிக் அமிலம். காஞ்சு போயிருக்கு, மூடி பூரா படிகம்."

கால்வின் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். "தொட்டீங்களா?"

"நானும் தொடல, யாரையும் விடவும் இல்ல."

"அப்புறம் ஏன் போன் பண்ணல?"

வாரிக் ஆசிரியர் அறை ஜன்னலைக் காட்டினார். அங்கே அந்தம்மாள் இரண்டாவது துண்டில் இருந்தார். "துறையிலேந்து வந்திருக்காங்க. கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. இது தெரிஞ்சா கூடத்தையே இழுத்து மூடிடுவாங்க. நீங்க கதவு வரைக்கும் போயிட்டு வந்து, பாம்பு ஓடிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். ஒரு பெட்டி பியர் உங்க வண்டியில ஏறும். அந்தம்மா கிளம்பின உடனே நானே போலீசுக்குச் சொல்லிடறேன்."

கால்வின் சாவியை வாங்கிக்கொண்டு போனார். வாசற்படியைத் தாண்டாமலே டார்ச் அடித்துப் பார்த்தார். கதவைப் பூப்போலச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டிக்குப் போய் யாருக்கோ போன் செய்தார்.

நல்ல மனிதர், காரியம் முடிந்தது என்று வாரிக் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே போலீஸ் வண்டி வந்துவிட்டது. சார்ஜென்ட் நேராகக் கால்வினிடம் போய் விவரம் கேட்டுத் தலையாட்டினார். வெடிகுண்டு அகற்றும் குழு வந்துகொண்டிருக்கிறது, அதுவரை எல்லாரும் மைதானத்தின் கடைசிக்குப் போகவேண்டும் என்று உத்தரவானது. பள்ளியே புறப்பட்டது. பிள்ளைகளுக்கு விளையாட்டு விழா வந்த மாதிரி குஷி. மெர்வ் மட்டும், பெயிண்ட் என்றதும் தனக்கு அப்பவே தெரியும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

யூகலிப்டஸ் மர நிழலில் அந்த ஆறு பேரும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாரிக் அவர்களைப் பார்த்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை. வேலியோரம் தட்டைக் கையில் ஏந்தியபடி நின்றிருந்த அந்தம்மாளிடம் போனார். நாலடி தள்ளி வேலியில் சாய்ந்து கால்வின் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே வாரிக் சத்தமாகப் பேசினார்.

"மேடம், தப்பு முழுக்க என்னோடது. காலையிலயே பாட்டிலைப் பார்த்துட்டேன். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு பாம்புன்னு பொய் சொன்னேன், பாம்பே கிடையாது. என்னை வேலையை விட்டு அனுப்புங்க, ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். அதோ, அந்தப் பசங்க ஒரு தப்பும் பண்ணல. அவங்க கூடத்தை மட்டும் மூடிடாதீங்க." கால்வின் பக்கம் கையை நீட்டினார். "இந்த ஆளை நம்பி எல்லாத்தையும் சொன்னேன். பாம்பு புடிக்க வந்தவருக்கு எதுக்குங்க இந்த வேலை?"

கால்வின் மெல்லுவதை நிறுத்தவில்லை. அந்தம்மாள் அவரையும் வாரிக்கையும் மாறி மாறிப் பார்த்தார். விரலில் ஒட்டியிருந்த தேங்காய்த்தூளைத் தட்டிவிட்டார்.

"நீங்க சொல்றதெல்லாம் சரிதாங்க" என்றார். "ஆனா பாம்பு இல்லைன்னு முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பேங்க்ல கவுண்டரை மூடிட்டு அதைப் புடிக்க நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேனே."