எடைமேடைக்காரர் பார்த்த இரண்டு வைத்தியம்

புதுச்சேரியில் பொழுது விடிந்துவிட்டது என்பதைக்கூட இரண்டு முறை சரிபார்த்த பிறகே நம்புகிற மனிதர் ஒருவர் இருக்கிறார். சாரம் பகுதியில் என் எதிர்வீடு. தட்டாஞ்சாவடியில் லாரிகளை எடை போடும் மேடையில் ஆயுளில் பாதியைக் கழித்தவர் என்பதால் தெருவுக்கே அவர் எடைமேடைக்காரர்தான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

லாரியை லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை ஏற்றிப் பார்த்துத்தான் சரக்கின் எடை சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவரை அந்தப் பழக்கம் விடவில்லை. இன்று ஒரு கடையில் டீ என்றால் நாளை எதிர்க்கடையில். மகளுக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளைப் பையனை அவன் வீட்டாரோடு ஒரு முறையும் தனியாக ஒரு முறையும் பார்த்தார். "கூட்டத்தோட பாத்தா எல்லாருமே வெயிட்டாதான் சார் தெரிவாங்க" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மாசி மாதத்தில் ரத்தத்தில் வியாதி வந்தது. குளித்தால் உடம்பெல்லாம் அரிப்பு, ஓயாத தலைபாரம், முகம் செக்கச்செவேல். 'பென்ஷன் வந்ததும் ஆளே களையாயிட்டாரு' என்று தெருவில் மெச்சினார்கள். டாக்டரம்மா மெச்சவில்லை. எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம் நிற்கத் தெரியாமல் ஊறிக்கொண்டே இருக்கிறது, ரத்தம் கெட்டிப்பட்டுவிட்டது, மூளையிலோ இதயத்திலோ அடைத்துக்கொண்டால் ஆபத்து என்றார். அடியோடு தீராது, ஆனால் அவ்வப்போது ஒரு பை ரத்தம் எடுத்துவிட்டு, மாத்திரையும் விடாமல் போட்டால் பல வருடம் ஓட்டலாம்.

'ரத்த வியாதி' என்ற பாதிச் செய்திதான் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. மாதுளை வந்தது, பீட்ரூட் வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. ஒரு வீட்டிலிருந்து ஆட்டு ஈரலே வந்தது. அவர் மனைவி சரோஜா என்னிடம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரத்தம் ஜாஸ்தியா கீதுன்னு சொன்னா எவளும் நம்ப மாட்றாண்ணா. 'வாய மூடுடி, கண்ணு பட்டுடும்'ங்கறாளுங்க."

முதல் பை எடுத்த அன்று அவர் நர்ஸிடம் கேட்டார்: "இத வேற யாருக்காவது ஏத்துவீங்களாம்மா?"

"இல்லைங்க, இது ஆகாது. கொட்டிடுவோம்."

என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பினார். சிக்னலில் நின்றபோது முணுமுணுத்தார்: "திருப்பி அனுப்புன சரக்கா ஆயிடுச்சு சார் நம்ம ரத்தம்." அந்தச் சிக்னலில்தான் அவர் மனம் வேறு வைத்தியத்தின் பக்கம் திரும்பியது என்று நினைக்கிறேன்.

அடுத்த செவ்வாய் ஹோமியோபதிக்காரர். "கனவுல என்ன வருது?" என்று கேட்டார்.

"லாரி."

"காலியாவா, லோடோடவா?"

எடைமேடைக்காரர் என் தொடையைத் தட்டினார். வாழ்நாளில் அவரிடம் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அது. ஆனால் மாத்திரை இனித்ததால் நம்பிக்கை போய்விட்டது. அதற்கடுத்த வாரம் பிள்ளைச்சாவடி சித்த வைத்தியர். அவருடைய சூரணம் வாய்க்குள் போனதும் கண்ணில் தண்ணீர் வந்தது. "இதுல விஷயம் இருக்கு" என்றார் நம்மவர். எல்லா இடத்துக்கும் நான்தான் வண்டி ஓட்டினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் வழி சொல்வார். எனக்கு வழி தெரியும்.

பிறகுதான் அந்த யோசனை. ஒரு மாதம் ஆஸ்பத்திரி வைத்தியம், ஒரு மாதம் சூரணம், மாற்றி மாற்றி ஆறு மாதம். ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும் ரத்தப் பரிசோதனை. ஒரு வைத்தியம் இன்னொன்றுக்குத் தெரியக் கூடாது.

"ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுங்களேன்" என்றேன்.

"சொன்னா எடையில கைய வெப்பாங்க சார். நீங்க தேதி தப்பாத ஆளு. நோட்டு உங்க பொறுப்பு."

என் பலவீனம் அவருக்குத் தெரியும். மழை பெய்த நாள், குழாயில் தண்ணீர் வராத நாள் எல்லாம் எழுதி வைப்பவன் நான். கோடு போட்டேன். இடப்பக்கம் ஆஸ்பத்திரி மாதம், வலப்பக்கம் சூரண மாதம். ஆறு மாதம் முடிந்தபோது நோட்டு தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது. ஆஸ்பத்திரி மாதத்தில் மூன்று முறையும் ரத்த அளவு ஏறியிருந்தது. சூரண மாதத்தில் மூன்று முறையும் இறங்கியிருந்தது.

"அவ்ளோதான் சார். மாத்திரைய நிறுத்திட்டேன்."

"டாக்டரம்மாவ ஒரு வார்த்த..."

"மூணு தபா எடை போட்டாச்சு. முடிஞ்ச வண்டிய யாராவது திரும்ப ஏத்துவாங்களா?"

நான் எழுதிய நோட்டு. இடப்பக்கத்தின் கீழே கோடு போட்டு முடித்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை. டீக்கடையில் அவர் கையிலிருந்த கிளாஸ் நழுவி விழுந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. "இன்னா சார்" என்று ஆரம்பித்த பேச்சு வாயிலேயே குழைந்துபோனது. இடது கை தொங்கியது. ஆட்டோவில் ஏற்றினோம். பாதி வழியில் பேச்சு திரும்பி வந்ததும் முதலில் சொன்னது, "சரியாயிடுச்சு, வண்டிய திருப்பு."

"மூச்சு காட்டாம வாய்யா!" என்று சரோஜா போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரரே அடங்கிப்போனார்.

மூளைக்குப் போகும் குழாயில் கொஞ்ச நேரம் அடைத்து, நல்லவேளையாக விட்டிருக்கிறது. அன்றே ரத்தம் எடுத்தார்கள், மாத்திரையும் ஆரம்பித்தார்கள். சரோஜா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை, என்னைப் பார்த்தார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு நோட்டைக் கேட்டார். விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"சார், இவங்க ரத்தம் எடுத்தது என்னைக்கு?"

"ஒவ்வொரு ஆஸ்பத்திரி மாசமும் கடைசி வாரம்."

"டெஸ்ட்டு?"

"அடுத்த ஒண்ணாந்தேதி, சூரணப் பக்கத்துல..." என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது.

"ரெண்டு வண்டி ஒரே மேடையில நின்னுருக்கு சார். இவங்க ரத்தத்த எடுத்து எறக்குன எடைய நாம வைத்தியர் பேர்ல போட்டுட்டோம். சூரண மாசத்துல ஏறுனத இவங்க தலையில கட்டிட்டோம்."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி ஒன்றுகூடத் தவறவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"என் தப்பு" என்றேன்.

"உடுங்க சார். எழுத்துல தப்பில்ல. வண்டிய ஏத்துனவன் நான்."

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைச்சாவடிக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். போனோம். வைத்தியர் நல்ல மனிதர். "ரத்தம் எடுக்கறாங்கன்னு அப்பவே சொல்லிருந்தா, அவங்க சொல்றத கேளுய்யான்னு அனுப்பிருப்பேன்" என்று கோபித்துக்கொண்டு மோர் கொடுத்தார்.

போன வாரம் மறுபடி ரத்தம் எடுக்கும் நாள். மெல்ல நிறையும் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எத்தினி மாசத்துக்கு சார்?"

"ஆயுசுக்கும்னாங்களே."

"அப்ப உங்களுக்கும் ஆயுசுக்கும் அலைச்சல். அடுத்த தபா நான் ஆட்டோல வந்துக்கறேன். உங்களுக்கு வேல வெட்டி இருக்கும்."

எனக்கு என்ன வேலை என்றேன். அன்றைக்கு எனக்கு மூன்று வேலை இருந்தது.