சம்பந்தத்தின் மெல்லிசு மெஷின்

இனிமேல் தலை நிமிர்ந்துதான் நடப்பது என்று திருஞானசம்பந்தம் தீர்மானித்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆனி மாதத்தில். அன்றைக்குத்தான் சிங்கப்பூரிலிருந்து ஒரு நண்பர் மூலமாக அவருடைய மடிக்கணினி பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளி நிறம். மூடி வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளையின் பரீட்சை அட்டையைவிடக் கொஞ்சம்தான் தடிமன். சம்பந்தம் அதை ஒரே கையால் தூக்கினார். இரண்டு விரலால் தூக்கினார். கண்ணாடி முன்னால் போய் நின்று, கக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். தண்ணீர் இறைக்கும் மோட்டார் விற்கும் ஒரு கம்பெனிக்கு அவர் நெல்லை மாவட்டப் பிரதிநிதி. மதுரையில் நடந்த கூட்டத்துக்கு வேறொரு பிரதிநிதி இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். பெரிய அதிகாரிகள் எல்லாரும் பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தை பார்ப்பதுபோல அவரைச் சுற்றி நின்றார்கள். சம்பந்தத்தின் மோட்டார் கணக்கை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிடித்த ஆசை இது.

மனைவி நீலாம்பாள் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் பாடம் எடுக்கிறாள். அவளிடமும் ஒரு மடிக்கணினி உண்டு. அவள் தம்பி சங்கர், தான் வைத்திருந்ததை அவளுக்குக் கொடுத்தான். கறுப்பு. தடி. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி இறங்கி, ஒரு வருஷமாக நீலாம்பாள் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறாள். சம்பந்தம் அதற்கு ஆட்டுரல் என்று பெயர் வைத்திருந்தாரே தவிர, ஒரு நாளாவது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக் கொடுத்ததில்லை.

புது மெஷினைப் பார்த்ததும் நீலாம்பாள் கேட்டாள்.

"இவ்வளவுதானா அத்தான்? மிச்சம் பின்னால வருதா?"

"இதான் முழுசும். பிடிச்சுப் பாரு."

அவள் வாங்கினாள். தோளில் சாய்த்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். சம்பந்தம் அதைக் கவனிக்கவில்லை.

"பிளாப்பி எதுல போடணும்?"

"அது தனிப்பெட்டி. வயர்ல மாட்டிக்கிடணும்."

"சிடி?"

"அது இன்னொரு பெட்டி."

"மெஷின் மெலிஞ்சிட்டு. பை குண்டாயிட்டு."

"ஒனக்குப் பொறாமைட்டி."

நீலாம்பாள் சிரித்தாள். பிறகு மெஷினை மேஜைமேல் பைய வைத்துவிட்டு, முகத்தை மாற்றிக்கொண்டாள்.

"பஸ்ல எப்படி அத்தான் கொண்டு போவிய?"

"ஏன்? எல்லாரும் கொண்டு போற மாதிரித்தான்."

"இல்ல... எங்க காலேஜ்ல ஒரு சார் இதே மாதிரி வாங்கினாரு. சேரன்மகாதேவிகிட்ட பஸ் பிரேக் போட்டிருக்கான். ஒரு ஆளு அது மேல சாஞ்சிட்டாரு. திரை குறுக்கால கீறிட்டு. அவருக்கு அழக்கூடத் தெம்பு இல்ல."

"யாரு அந்த சார்?"

"பேரைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

சம்பந்தம் மெஷினை மேஜையின் நடுவுக்கு நகர்த்தி வைத்தார்.

அதோடு விட்டாளா? மறுநாள் காலையில் காப்பியை நீட்டிக்கொண்டே ஆரம்பித்தாள். "இந்த இடுக்கு இருக்கு பாத்தியளா, இதுக்குள்ள எறும்பு போகுமாம்லா?" சம்பந்தம் மேஜையின் நாலு காலையும் சுற்றி எறும்புப்பொடி தூவினார். அதற்கு அடுத்த நாள், "கரண்டு கூடக் குறைய வந்தா மெல்லிசுதான் முதல்ல போகுமாம்." சம்பந்தம் மின்விசிறி சுற்றும் வேகத்தைப் பார்த்துப் பார்த்து மெஷினை மாட்டினார், கழற்றினார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. மெஷின் மேஜைமேல் இருந்தால் விழுந்துவிடுமோ என்று பயம். தரையில் வைத்தால் மிதித்துவிடுவோமோ என்று பயம். பீரோவுக்குள் வைத்தால் புழுங்கிவிடுமோ என்று பயம். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடைகாக்கும் கோழிக்காவது நடுவில் எழுந்து போக அனுமதி உண்டு.

பஸ்ஸில் ஜன்னலோரம் மெஷினை வைத்து, அதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.

"இன்னொரு ஆளு எங்க அண்ணாச்சி?" என்றார் கண்டக்டர்.

"இங்கன இருக்கு."

கண்டக்டர் பையைப் பார்த்தார். சம்பந்தத்தைப் பார்த்தார். அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோனது மதார் அண்ணாச்சியின் வாழைத் தோட்டத்துக்கு. மதார் பெரிய விவசாயி. கிணற்றின் ஆழம், தண்ணீர் ஏற வேண்டிய உயரம் இரண்டையும் போட்டால், எந்த மோட்டார் சரிப்படும் என்று படம் போட்டுக் காட்டும் கணக்கு புரோகிராம் ஒன்றைக் கம்பெனி கொடுத்திருந்தது. சம்பந்தம் கிணற்றுமேட்டில் மெஷினைத் திறந்தார்.

"அடேயப்பா! தகடு மாதிரில்லா இருக்கு!" என்றார் மதார்.

சம்பந்தத்துக்கு உச்சி குளிர்ந்தது. கணக்கை ஓடவிட்டார். திரையில் மணல்கடிகாரம் வந்தது. அது கவிழ்ந்தது. மறுபடி கவிழ்ந்தது. வெயிலில் திரை வேறு தெரியவில்லை. சம்பந்தம் துண்டைத் தலைக்கும் மெஷினுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். அடியில் சூடு ஏறியது. தொடை வெந்தது.

"என்னவே, உள்ள ஆவி பிடிக்கீரா?" வெளியிலிருந்து மதாரின் குரல்.

"இந்தா வந்துட்டு அண்ணாச்சி. படம் வருது..."

படம் வரவில்லை. ஒரு சிவப்பு விளக்கு வந்தது. பிறகு அதுவும் அணைந்தது. மடிக்கணினி அவர் மடியிலேயே மடிந்தது.

மதார் நல்ல மனிதர். சிரிக்கவில்லை. "மோட்டாரும் இவ்வளவு மெல்லிசாத்தான் இருக்குமாவே?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து தொலைபேசி. மண்டல மேலாளர் கணேஷ்ராம். சிரிப்பதற்குத் தலைமை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று நினைப்பவர் அவர்.

"அடுத்த வாரம் மாஞ்சோலை தேயிலைத் தோட்டத்துக்கு வர்றேன், மிஸ்டர் சம்பந்தம். பெரிய ஆர்டர். கணக்கை நீங்கதான் போட்டுக் காட்டணும். உங்க ஏரியாவைப் பத்தி மேலிடத்துல கொஞ்சம் பேச்சு இருக்கு. பார்த்துக்குங்க."

சம்பந்தம் ரிசீவரை வைத்தார். மலை உச்சி. கணேஷ்ராம். மணல்கடிகாரம். சிவப்பு விளக்கு. வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டி, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

நீலாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீலா, ஒன் மெஷின்ல அந்த மோட்டார் கணக்கு ஓடுமா?"

"ஆட்டுரல்லயா?"

"கேலி பண்ணாத. ஓடுமா?"

"ஓடும். சிடி, பிளாப்பி எல்லாம் உள்ளயே இருக்கு. ரெண்டு பேட்டரி வேற போடலாம். மலையில இருந்து உருட்டிவிட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஏன் கேக்குதிய?"

"நாம மாத்திக்கிடுவோமா?"

கீரையைக் கீழே போட்டாள். இரண்டு கையையும் வேகமாக ஆட்டினாள்.

"ஐயையோ! நான் மாட்டேன் அத்தான்! அந்தக் கண்ணாடிச் சாமானை நான் பஸ்ல தூக்கிட்டுப் போய், அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? ஆயுசு பூரா நீங்க சொல்லிக் காட்டவா?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுவிய."

"நெல்லையப்பர் சத்தியமா சொல்ல மாட்டேன்ட்டி!"

"எனக்குக் கேள்வித்தாள் அடிக்கதுதான் வேலை. அதுக்கு எதுக்கு இம்புட்டு ஒசத்தியானது?"

"பரவாயில்ல, வச்சுக்கோ. கேள்வித்தாளுக்கு அந்த மெல்லிசு போதும். எனக்குத்தான் அது போதல."

நீலாம்பாள் யோசித்தாள். கீரையைத் திரும்பவும் எடுத்தாள். ஒவ்வொரு இலையாகப் பறித்தாள். சம்பந்தம் பக்கத்தில் நின்று அழாத குறை. கடைசியில் பெருமூச்சு விட்டாள்.

"சரி. ஒங்களுக்காக. ஆனா அந்தத் தனிப்பெட்டி எல்லாம் வீட்லயே கிடக்கட்டும். மெஷின் மட்டும் போதும்."

சம்பந்தத்துக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இப்படி ஒரு மனைவி எவனுக்கு வாய்ப்பாள்? மறுநாள் காலையில் அவள் மெல்லிசு மெஷினை எடுத்துக்கொண்டு பயந்து பயந்து படி இறங்குவதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தடி மெஷின் நன்றாகத்தான் உழைத்தது. மாஞ்சோலைக்கு ஏறும் பஸ் வளைவுக்கு வளைவு அவரை ஒரு பக்கமாகத் தள்ளியது. மெஷின் அவர் மடியை விட்டு அசையவில்லை. அசைக்க முடியாது. இறங்கும்போது இடது தோள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். தோட்டத்து அலுவலகத்தில் மெஷினை மேஜைமேல் வைத்தபோது எழுந்த சத்தத்தில் கணேஷ்ராம் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"என்னங்க இது, பார்க்கவே சகிக்கலையே?"

சம்பந்தம் கணக்கை ஓடவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது படம் வந்திருந்தது. ஓடையிலிருந்து மேல்தொட்டி வரைக்கும் குழாய், மோட்டார், எல்லாம் வண்ணத்தில். நடுவில் மின்சாரம் போனது. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்காரர்கள் அந்த இடத்திலேயே சரி சொல்லிவிட்டார்கள். கணேஷ்ராமின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பாகக்கூட இருக்கலாம்.

சாயங்காலம் மலை இறங்கி, அம்பாசமுத்திரத்தில் திருநெல்வேலி பஸ்ஸுக்குள் ஏறினார் சம்பந்தம். வேலை பிழைத்துவிட்டது. இடது தோள்தான் பிழைக்குமா என்று தெரியவில்லை. ஒரே கூட்டம். இடித்துப் பிடித்து உள்ளே போனால், மூன்றாள் சீட்டின் நடுவில் நீலாம்பாள் உட்கார்ந்திருக்கிறாள். நிமிர்ந்து, நேராக, கல்யாணப் பெண் மாதிரி. சுற்றி நாலைந்து பெண்கள். மடியில் வெள்ளி மெஷின். அதன்மேல் சாப்பாட்டுத் தூக்கு. தூக்குக்குப் பக்கத்தில், அதே மெஷின்மேல், யாரோ பெற்ற கொழுகொழு குழந்தை ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தது.

சம்பந்தம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கையை நீட்டினார்.

"நீலா! பிள்ளையைத் தூக்கு! திரை கீறிரும்!"

"ஒண்ணும் ஆகாது அத்தான். ஒரு வாரமா இப்படித்தான போயிட்டு வாரேன்."

"மிக்சர் கொட்டுதே! எறும்பு போகும்னியே! ஆளு சாஞ்சாலே போச்சுன்னு அந்த சார்..."

"பைய பேசுங்க, பிள்ளை பயந்துரும்," என்றாள் நீலாம்பாள். "அதெல்லாம் நான் ஒங்ககிட்ட சொன்னது. மெஷின்கிட்ட யாரும் சொல்லல."