எழுந்திருக்காத பசு

பசு வந்துவிட்டது. கன்று வரவில்லை.

ஓட்டிவந்த நஞ்சுண்டசாமிக்கு இது ஒரு குறையாகவே தெரியவில்லை. கன்று வளர்ந்து தாயின் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது, அதைக் கன்று என்று சொல்லிக் கூட்டிவந்தால் ஜனங்கள் சிரிக்கமாட்டார்களா என்று கன்னடத்தில் கேட்டார். அவருடைய சொந்தப் பசு இன்றைக்கு வேறொரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருக்கிறது. நல்ல முகூர்த்த நாளில் மைசூரில் புரோகிதர் கிடைத்தாலும் கிடைப்பார், மாடு கிடைக்காது. அதனால் பக்கத்துத் தெரு தேவம்மாவிடம் கேட்டு இதை ஓட்டிவந்திருக்கிறார். ரொம்பச் சாது, புது வீட்டைப் பார்த்து மிரளவே மிரளாது என்று உத்தரவாதமும் கொடுத்தார்.

விஸ்வேஸ்வரன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சிவப்பு என்றால் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தாயும் பிள்ளையுமாத்தாங்க உள்ளே போகணும்," என்றாள் கனகலக்ஷ்மி. "பிள்ளையை விட்டுட்டு வந்த மாடு எனக்கு வேண்டாம்."

இதைக் கேட்டுச் சிரிக்க அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. விஜயநகரில் இந்த வீட்டுக்கு மேல்தளம் போட்ட வாரத்தில்தான் அவர்கள் மகள் பிரதிபாவுக்கு முதல் கரு கலைந்தது. ஐந்தாம் மாதம். டாக்டர் என்னென்னவோ காரணம் சொன்னார். கனகலக்ஷ்மி ஒரே காரணம்தான் சொன்னாள்: ராசியில்லாத வீடு. அன்றைக்கு நின்ற வேலை இரண்டு வருஷம் நின்றது. கதவும் இல்லாமல் ஜன்னலும் இல்லாமல் வீடு மழையில் கிடந்தது. அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது, அதைப் பற்றிப் பேசக்கூடாது. பஸ்ஸில் போனால்கூட விஸ்வேஸ்வரன் அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்காரமாட்டார்.

பிறகு மெல்ல மெல்லக் கெஞ்சித்தான் வேலையை மறுபடி தொடங்கினார். இப்போது பிரதிபாவுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு மகள் பிறந்த வீட்டுக்கு வர வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று. இருப்பது இந்த ஒரு வீடுதான். கனகலக்ஷ்மி நிபந்தனை போட்டாள். பசு யாரும் இழுக்காமல் தானாக உள்ளே போக வேண்டும், நல்லபடியாக வெளியே வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரதிபாவின் கால் வாசற்படியில் படலாம். இல்லையென்றால் மகள் மாமியார் வீட்டிலேயே பிள்ளை பெறட்டும் என்றாள். சொல்லிவிட்டு அவளே உட்கார்ந்து அழுதாள்.

அதனால்தான் பிரதிபா பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு சொந்த வீட்டு கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் சுஹாஸ். ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எதற்கும் ஒரு வழி போனில் இருக்கும் என்று நம்புகிற பிள்ளை.

விஸ்வேஸ்வரனுக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. அப்படித்தான் வெளியே சொல்லிக்கொள்வார். ஆனால் வேலையை மறுபடி தொடங்கிய அன்று நடந்ததை அவர் இன்றுவரை மனைவியிடம் சொல்லவில்லை. பின்னறையின் மண்தரை சாணி மெழுகிச் சுத்தமாக இருந்தது. நடுவில் ஒரு முளை அடித்திருந்தது. முளையின் கழுத்தில் மஞ்சள் துணியில் எதையோ முடிந்து கட்டியிருந்தது. மேஸ்திரி ரத்தினசாமி அதைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார்.

"சார், இது செய்வினை. நான் தொடமாட்டேன்."

விஸ்வேஸ்வரனே முளையைப் பிடுங்கினார். முடிச்சை அவிழ்த்துப் பார்க்கத் துணிவில்லை. ஸ்கூட்டரில் நஞ்சன்கூடு வரைக்கும் போய் இரண்டையும் கபிலா ஆற்றில் போட்டார். கூடவே தானும் மூன்று முழுக்குப் போட்டார். ஈரத்தலையோடு எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்ட மனைவியிடம் ஒரு சீப்பு நஞ்சன்கூடு வாழைப்பழத்தை நீட்டினார். நம்பிக்கை இல்லாத மனுஷர் செய்கிற காரியமா இது?

அந்தப் பின்னறையைத்தான் பிரதிபாவின் பிரசவத்துக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். புது இலவம்பஞ்சு மெத்தை வாங்கித் தரையில் விரித்துமாயிற்று.

சரி, கன்றைக் கொண்டுவரச் சொல்லி நஞ்சுண்டசாமியை அனுப்பினார் விஸ்வேஸ்வரன். அவரும் கயிற்றை இவர் கையில் கொடுத்துவிட்டு பைக்கில் கிளம்பினார். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. பைக் தெருமுனை திரும்பியது. பசு தலையைத் தூக்கி வீட்டைப் பார்த்தது. பிறகு நடந்தது.

விஸ்வேஸ்வரன் அதை இழுக்கவில்லை. அதுதான் அவரை இழுத்தது. ஒரு கையில் வேட்டியையும் ஒரு கையில் கயிற்றையும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வாசலில் கனகலக்ஷ்மி குத்துவிளக்கோடு ஒதுங்கி நின்றாள். பசு வலதுகாலை முதலில் வைத்துப் படியேறியது. வழுக்காமல் இருக்கச் சாக்கு விரித்திருந்ததை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூடத்தில் ஹோமத்துக்கு அடுக்கியிருந்த செங்கல்லைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்னறைக்குப் போனது.

புரோகிதர் மஞ்சள் பிசைந்த கையோடு எழுந்து நின்றுவிட்டார். எத்தனையோ வீடு பார்த்தாயிற்று, மகாலக்ஷ்மி இப்படி வழி தெரிந்தவள் மாதிரி நடந்துபோய்ப் பார்த்ததில்லை என்றார். கனகலக்ஷ்மி கைகூப்பினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே பிரதிபா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

அந்த இடத்தில் பசு திரும்பி வந்திருந்தால் எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டிருக்கலாம். பசு மெத்தையை முகர்ந்து பார்த்தது. முன்னங்காலை மடித்தது. மெத்தையின் நட்டநடுவில் படுத்துவிட்டது.

முதலில் நல்ல சகுனம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கொஞ்ச நேரமாகியும் அது எழுந்திருக்கவில்லை. கனகலக்ஷ்மியின் முகம் மாறியது. மாடு ஏன் படுக்கிறது? உடம்பு சரியில்லையா? வீடு குடிபோகிற அன்று வீட்டுக்குள் மாட்டுக்கு ஒன்று ஆனால் என்ன அர்த்தம்? அதுவும் அந்த அறையில்?

விஸ்வேஸ்வரன் வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனார். எட்ட நின்று காட்டினால் எழுந்து வரும் என்பது அவர் கணக்கு. பசு கழுத்தை நீட்டியது. எட்டவில்லை என்றதும் கழுத்தை மடக்கிக்கொண்டது. பாவம் என்று கிட்டே போனார். ஒரு சீப்பு முழுசாக உள்ளே போனது. அது நைவேத்தியத்துக்கு வைத்திருந்த பழம் என்று புரோகிதர் சொன்னபோது அடுத்த சீப்பும் பாதி போயிருந்தது.

"டென்ஷன் மாட்கோபேடி மாமா," என்று கன்னடத்தில் தைரியம் சொல்லிக்கொண்டு சுஹாஸ் தன் பங்குக்கு வந்தான். மாட்டைக் கூப்பிட வேறு ஊர்களில் என்ன சத்தம் போடுகிறார்கள் என்று போனில் தேடி, ஜன்னலோரம் வைத்து ஒலிக்கவிட்டான். பசு காதை ஆட்டிக்கொண்டு கடைசிவரை பொறுமையாகக் கேட்டது. பிறகு "அம்மா" என்று நீளமாக ஒரு குரல் கொடுத்தது. அது அழுகிறது என்று கனகலக்ஷ்மி முடிவு செய்துவிட்டாள்.

முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. ஹோமத்தைத் தொடங்கிவிடலாம், புகை வந்தால் மாடு தானாக எழுந்து வெளியே போகும் என்றார் புரோகிதர். சமித்து கொஞ்சம் ஈரம். புகை வீடு முழுக்கச் சூழ்ந்தது. சமையல்காரர்கள் இருமிக்கொண்டு ஓடிவந்தார்கள், விஸ்வேஸ்வரன் ஓடிவந்தார், கடைசியில் மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் புரோகிதரும் வந்தார். மாட்டைத் தவிர எல்லோரும் வெளியே நின்றார்கள். அது கொசுவுக்கு மூட்டம் போட்ட தொழுவத்தில் வளர்ந்த மாடு. புகை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அசைபோட ஆரம்பித்தது.

கனகலக்ஷ்மி குத்துவிளக்கைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"சுஹாஸ், காரை எடுங்க. இவளைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"அம்மா, நான் என்னம்மா பண்ணேன்?" என்றாள் பிரதிபா.

விஸ்வேஸ்வரன் மனைவியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வீட்டைக் கட்டியதே மகள் வந்து தங்கத்தான். அவள் தன் வாசலிலிருந்து காரில் ஏறிப் போவதைப் பார்க்கவா இத்தனை கெஞ்சல்? முளை ஞாபகம் வந்தது. ஆற்றில் போட்டும் அது வேலையைக் காட்டிவிட்டது என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

அப்போது நஞ்சுண்டசாமி கன்றோடு வந்து சேர்ந்தார். பிள்ளையை வாசலில் நிறுத்தினால் தாய் எங்கே இருந்தாலும் ஓடிவரும், இருபது வருஷ அனுபவம் என்றார். நிறுத்தினார். கன்று ஒரு திமிறு திமிறியது. கயிறு அவர் கையை விட்டுப் போனது. படியேறி, கூடத்தைத் தாண்டி, அதுவும் ஒருவரையும் வழி கேட்காமல் பின்னறைக்குப் போய்த் தாயை ஒட்டி நின்றுகொண்டது. இப்போது உள்ளே இரண்டு.

இருபது வருஷ அனுபவம் போனை எடுத்துத் தேவம்மாவைக் கூப்பிட்டது.

தேவம்மா பால் ஊற்றப் போன இடத்திலிருந்து அப்படியே வந்தாள். குண்டலுபேட்டைப் பக்கத்துக்காரி, தமிழும் கன்னடமும் அவளுக்கு ஒன்றுதான். பால் கேனை கேட்டருகே வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கனகலக்ஷ்மியும் விஸ்வேஸ்வரனும் பின்னால் போனார்கள். தேவம்மா மாட்டைப் பார்க்கவில்லை. பளபளவென்று இருந்த புது டைல்ஸ் தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"முளை எங்கே சாமி?"

விஸ்வேஸ்வரன் கூரையைப் பார்த்தார்.

"எந்த முளை?" என்றாள் கனகலக்ஷ்மி.

தேவம்மா தயங்கினாள். பிறகு கேட்காமல் செய்தது தப்புதான் என்று ஆரம்பித்தாள். வேலை நின்று போன வீடு, கதவும் கிடையாது, கேட்பாரும் கிடையாது. மழைக்கு ஒண்ட இடமில்லாமல் மாட்டை இந்த அறையில் கட்டிக்கொண்டிருந்தாள். தினமும் மெழுகிச் சுத்தமாகத்தான் வைத்திருந்தாள். ஒருநாள் வாசலில் மணல் லாரி வந்து நின்றதைப் பார்த்துப் பயந்துபோய் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"அந்த அவசரத்துல ஒண்ணை விட்டுட்டேன்மா. முளையில மஞ்சத் துணியில ஒரு காசு முடிஞ்சு வெச்சிருந்தேன். நஞ்சன்கூட்டு சாமிக்கு நேர்ந்துக்கிட்டது. மறுநாள் வந்து பார்த்தா காணோம். சாமி காசைச் சேர்க்கலையேன்னு இன்னிக்கும் மனசு அடிச்சுக்குது."

"அது போய்ச் சேர்ந்துடுச்சும்மா," என்றார் விஸ்வேஸ்வரன் மெதுவாக. "நானேதான் கொண்டுபோய் ஆத்துல போட்டேன். முழுக்கும் போட்டேன்."

கனகலக்ஷ்மி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அந்த வாழைப்பழச் சீப்பு அவளுக்கு இப்போது விளங்கியது. அதற்கான விசாரணை தனியாக நடக்கும், அது விஸ்வேஸ்வரனுக்கும் தெரியும். தன் வீட்டைத் தொழுவமாக்கியதற்குத் தேவம்மாவும் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று அவர் நினைத்தார். கனகலக்ஷ்மி கேட்டது வேறு.

"என்ன வேண்டி நேர்ந்துக்கிட்டீங்க?"

தேவம்மா கன்றின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"வேறென்னம்மா, இது நல்லபடியா பிறக்கணும்னுதான். அதுக்கு முன்னாடி ஒண்ணு வயித்துலயே போயிடுச்சு. அதான் பயம்."

கனகலக்ஷ்மியின் கை பக்கத்துச் சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டது. எத்தனை நேரமாக அங்கே நிற்கிறாளோ, வாசற்படிக்கு வெளியே பிரதிபா வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். தாய் மகளைப் பார்த்தாள். பிறகு தேவம்மாவிடம் திரும்பினாள். கேள்வி மெல்லத்தான் வந்தது.

"ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?"

"கஷ்டமா?" என்றாள் தேவம்மா. "சாயங்காலம் இந்த ரூம்ல ஒண்ணைக் கட்டிட்டுப் போனேன்மா. காலையில புல்லுக்கட்டோட வந்து பார்த்தா ரெண்டா நின்னுட்டிருந்தாங்க."